நாலாவது சீலமும் ஐந்தாம் நம்பர் டிரம்மும்

கர்நாடகத்தில் சந்தன மரத்தைத் திருடியவர்கள் போலீசுக்குப் பயந்தார்கள். துளிச் சந்தனம்கூட இல்லாத சீசாவில் ‘அசல் சந்தனம்’ என்று ஒட்டியவர்கள் மூக்கம்மாவுக்குப் பயந்தார்கள். போலீசிடமிருந்தாவது ஓடித் தப்பிக்கலாம். மூக்கம்மா, ஓடினவன் விட்டுப்போன வேர்வையை வைத்தே அவன் எந்தப் பக்கம் போனான், காலையில் என்ன சாப்பிட்டான் என்று சொல்லிவிடுவார்.

தென்மாவட்டத்து வாசகர்கள் மூக்கம்மா என்றதும் தங்கள் சித்தியோ அத்தையோ என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இது பெயர் அல்ல, பதவி. வருகைப் பதிவேட்டில் அவருக்கு நல்ல நீளமான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட்டில் எங்கள் கம்பெனி இருந்தது. அத்தர், வாசனை எண்ணெய், ஊதுபத்திக்கான கலவை ஆகியவை எங்கள் சரக்கு. மொத்தம் பதினோரு பேர். வாசலில் ‘குரூப் ஆஃப் கம்பெனீஸ்’ என்று பெரிய போர்டு. குரூப்பில் மற்ற கம்பெனிகள் எங்கே என்று அதிகாரி ஒருவர் ஒருநாள் முழுக்கத் தேடிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

முதலாளியை எம்.டி. என்றுதான் கூப்பிட வேண்டும். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். கோபம் வந்தால் கன்னடம் பேசுவார், பயம் வந்தால் இங்கிலீஷ். கெஞ்சுவதென்றால் தமிழ்.

நான் வாணியம்பாடியிலிருந்து பி.ஏ. சான்றிதழோடு வந்து, ஈஜிபுராவில் ஓர் அறையில் நான்கு பேரோடு ஐந்தாவதாகப் படுத்துக்கொண்டிருந்தேன். இன்டர்வியூவுக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். “பஸ் பிரேக்டவுன் சார்” என்றேன். எம்.டி. தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து, ஏதோ சாம்பிளைக் காட்ட ஐம்பதை நெருங்கிய ஓர் அம்மாள் உள்ளே வந்தார். ஒல்லி, காட்டன் புடவை, நெற்றியிலும் தலையிலும் ஒன்றும் இல்லை. என் பக்கத்தில் வந்ததும் நின்றார். மூக்கு லேசாக அசைந்தது.

“பஸ்ல வந்தவன் மேல இந்த வாசன வராது சார். வெல்லம் ஏத்தின வண்டில வந்துக்கிறான். சட்ட இவன்து இல்ல, யாரோ பீடி குடிக்கிறவன்து. இவன் பீடி குடிக்கல. காலைல தோச துன்னுக்கிறான். சட்னி நேத்திது.”

எல்லாம் சரி. பஸ்ஸைத் தவறவிட்டு வெல்லம் டெம்போவில் தொற்றிக்கொண்டு வந்திருந்தேன். சட்டை அறை நண்பனுடையது. நான் தலையைக் குனிந்தேன்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “நேத்து சட்னின்னு தெரிஞ்சேவா துன்ன? வவுறு ஒண்ணும் பண்ணலியே?”

வேலை போச்சு என்று எழுந்தேன். எம்.டி. கையைக் காட்டி உட்காரச் சொன்னார். “பொய் சொல்றப்ப உன் மூஞ்சி கொஞ்சம்கூட மாறலையேப்பா. லேபிள் எழுத ஒரு ஆள் தேடிட்டிருந்தேன். நீதான் சரி.”

அப்படித்தான் ஒரே அறையில், ஒரே நிமிடத்தில், நான் கம்பெனியின் பொய்க்கும், மூக்கம்மா கம்பெனியின் உண்மைக்கும் பொறுப்பாளர்கள் ஆனோம்.

மூக்கம்மாவின் வேலை மோப்பம் பிடிப்பது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு எண்ணெயையும் காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்து, நல்லதா கலப்படமா என்று சொல்ல வேண்டும். அதற்காகவே அவர் பூ வைக்க மாட்டார், பவுடர் போட மாட்டார். பயத்தம்மாவு தேய்த்துக் குளிப்பார். வேலை முடியும்வரை வெங்காயம் தொட மாட்டார். அல்சூர் பக்கத்துச் சந்து ஒன்றில் வீடு. தாத்தா காலத்திலிருந்து பௌத்தக் குடும்பம். அவர் மேஜையில் கையகல புத்தர் படம் ஒன்று இருக்கும். காலையில் முதல் டின்னைத் திறக்கும் முன் அதன் எதிரில் நின்று ஐந்து சீலங்களையும் சொல்லுவார்.

“அஞ்சுல நாலு பத்தி எனக்குக் கவல இல்லபா” என்று ஒருமுறை சொன்னார். “உயிரக் கொல்றது இல்ல, திருடறது இல்ல, தப்பு காரியம் இல்ல, குடி இல்ல. இந்த நாலாவதுதான், பொய் சொல்லக் கூடாதுங்கறது. இந்தக் கம்பெனில அத வெச்சினு ரொம்ப பேஜார்பா.”

எம்.டி. சமரசத்துக்கு வந்து பார்த்தார். “நீ பொய் சொல்லவே வேணாம்மா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. சும்மா இரு, போதும்.”

“பொய்ய பாத்துட்டு சும்மா இருக்கறது, அதுக்கு பாய் விரிச்சு படுக்க வெக்கற மாதிரி சார்” என்றார் மூக்கம்மா.

அத்திபெலேயிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை வெட்டிவேர் எண்ணெய் கொண்டுவருவார். வேரை வாங்கி அவரே காய்ச்சி வடிப்பார். நாங்கள் வேர்க்காரர் என்போம். ஒருநாள் மூக்கம்மா காகிதத்தை முகர்ந்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுத்தம்மா! சொக்கத் தங்கம்! என் புள்ள மேல சத்தியம்!” என்றார் வேர்க்காரர்.

“புள்ள மேல எதுக்குபா? அது பாவம், ஸ்கூல்ல குந்தினு ஏ பி சி டி எழுதினு இருக்கும். இந்த கேன் மேல சத்தியம் பண்ணு.”

வேர்க்காரர் கையைத் தூக்கினார். கேனுக்கு நாலு விரல் மேலே கை நின்றது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

“கொஞ்சூண்டு வேற எண்ணெ... கை தவறி...”

“கை தவறலபா. கால்வாசி தவறிக்கீது. எத்துனு போ.”

அதற்குப் பிறகு அவர் கலப்படம் செய்யவில்லை. எங்கள் ஷெட்டிலேயே முழு உண்மையான சரக்கு என்றால் அந்த வெட்டிவேர் எண்ணெய்தான். மற்றவை பின்பக்கம் நீல டிரம்களில் வந்து இறங்கும். மூன்றாம் நம்பர் டிரம் மல்லிகை. ஐந்தாம் நம்பர் டிரம் ரோஜா. அவற்றுக்கும் செடிகொடிகளுக்கும் எந்தப் பழக்கமும் கிடையாது. எல்லாம் ரசாயனம். அது ஒன்றும் குற்றமில்லை, உலகமே அப்படித்தான் மணக்கிறது. ஆனால் சீசாவில் ‘நூறு சதம் இயற்கை’ என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் தகராறு.

என் முதல் பெரிய படைப்பு மல்லிகை அத்தருக்கு எழுதிய லேபிள். ‘மலைச்சரிவில், விடியற்காலைப் பனியில், கன்னிப்பெண்கள் பாடிக்கொண்டே பறித்த மல்லிகை.’ எம்.டி.க்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கம்மா என்னைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார்.

“எத்தினி பொண்ணுங்க?” என்றார்.

“ஒரு... பத்து பேர்ம்மா.”

“இன்னா பாட்டு பாடனாங்க?”

“ஏதோ நாட்டுப்பாட்டு.”

“பனில குளிராதா? சொட்டர் கிட்டர் குடுத்தாங்களா?”

“தெரியலம்மா.”

“நேத்து அந்த டிரம்ம உருட்டினு வந்தானே லாரிக்காரன், மீசக்காரன்? அவன் எந்த மலைல கன்னிப்பொண்ணா இருந்தான்?”

மறுநாள் சிவாஜிநகர் கடை ஒன்றுக்குப் போக இருந்த அட்டைப்பெட்டிகளில், மூக்கம்மா பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தார்: ‘மல்லிகை இல்லை. மல்லிகை மாதிரி.’ யாரும் பார்க்கவில்லை. பெட்டிகள் போய்விட்டன. விஷயம் தெரிந்து எம்.டி. கன்னடத்தில் ஆரம்பித்து இங்கிலீஷுக்கு வந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. கடைக்காரர்.

“சார், அந்த ‘மாதிரி’ நல்லா போவுது. நம்ம கிராக்கிங்க பேர் சொல்லியே கேக்கறாங்க. இன்னும் ரெண்டு பெட்டி மாதிரி அனுப்புங்க.”

எம்.டி. போனை வைத்துவிட்டு எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

இப்படியே எலியும் பூனையுமாகச் சில வருடங்கள் ஓடின. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே இயற்கை வாசனை எண்ணெய் மட்டும் வாங்கி விற்கிற ஓர் அம்மாள் எழுதியிருந்தார். எங்கள் இங்கிலீஷ் லேபிள்களைப் பார்த்து மயங்கிவிட்டாராம். நேரில் வருகிறாராம். பூ எங்கே விளைகிறது, யார் பறிக்கிறார்கள், அவர்களுக்கு நியாயமான கூலி கிடைக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டுமாம்.

எம்.டி. கடிதத்தை மடித்தார். “பூ பறிக்கறவங்க சந்தோஷமா இருக்காங்களான்னு கேக்கறாங்கப்பா. நான் சந்தோஷமா இருக்கேனான்னு இதுவரைக்கும் ஒருத்தராவது கேட்டிருக்காங்களா?”

பிறகு திட்டம் போட்டார். ஓசூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரிடம் ரோஜாத் தோட்டம் இருந்தது. அதை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினார். எங்கள் ஷெட்டில் சீசா கழுவும் மூன்று பெண்களுக்கு ஒரே மாதிரி பச்சைப் புடவை எடுத்துக் கொடுத்துப் பூப் பறிப்பவர்களாக நியமித்தார். லேபிளில் இருக்கிறபடியால் பாடவும் சொன்னார். மூவருக்கும் பொதுவாகத் தெரிந்தது தாலாட்டு மட்டும்தான்.

ஒரே ஒரு சங்கடம். அந்தத் தோட்டத்து ரோஜா, பொக்கே கட்டுவதற்காக வளர்க்கிற ரகம். பார்க்க ராணி மாதிரி இருக்கும், முகர்ந்தால் வெறும் பச்சைத் தழை. அதற்கும் எம்.டி. வழி கண்டுபிடித்தார். சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்பிரே பாட்டில்கள் நான்கு வாங்கி, ஐந்தாம் நம்பர் டிரம்மிலிருந்து நிரப்பினார். காலை ஏழு மணிக்கு நாங்கள் ஒவ்வொரு பூவாக அடித்துக்கொண்டே போனோம். இரண்டு தேனீக்கள் வந்து, ஏமாந்து, திரும்பிப் போனதை நானே பார்த்தேன்.

மூக்கம்மாவை என்ன செய்வது? முந்தின நாளே எம்.டி. அவரைக் கூப்பிட்டு, “நாளைக்கு நீ லீவு எடுத்துக்கோம்மா. சம்பளத்தோட” என்று சொல்லியிருந்தார்.

“வேல செய்யாத நாளுக்கு சம்பளம் வாங்கனா அது ரெண்டாவது சீலம் சார். நமக்கு குடுக்காதத எடுக்கறது.”

“நான்தானேம்மா குடுக்கறேன்!”

“நீங்க குடுக்கறது லீவு இல்ல சார். அதுக்கு வேற பேரு.”

சம்பளம்தான் வேண்டாம் என்கிறார், லீவுக்குச் சம்மதம் என்றே எம்.டி. எடுத்துக்கொண்டார். மறுநாள் மூக்கம்மா வழக்கம்போல எட்டு மணிக்கு ஷெட்டுக்குப் போயிருக்கிறார். பூட்டு. எல்லாரும் தோட்டத்துக்குப் போய்விட்டதாகக் காவலாளி சொன்னதும், வேலை எங்கேயோ அங்கேதான் நாமும் என்று ஓசூர் பஸ் ஏறிவிட்டார்.

வெள்ளைக்கார அம்மாள் ரோஜாக்களின் நடுவே நின்று, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், கையில் நோட்டுப் புத்தகம். பச்சைப் புடவைப் பெண்கள் தாலாட்டுப் பாடிக்கொண்டே பூப் பறித்தார்கள். எம்.டி. நெஞ்சில் கைவைத்து நின்றார். அப்போது வரப்பு மேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூக்கம்மா வந்தார். தாலாட்டு நின்றுவிட்டது.

“யார் இவர்?” என்று கேட்டார் வெள்ளைக்கார அம்மாள்.

“எங்கள்... தோட்டக்காரி” என்றார் எம்.டி. இங்கிலீஷில்.

“அப்படியா! இந்தப் பூக்களைப் பற்றி அவரையே கேட்க வேண்டும்.”

மூக்கம்மா ஒரு பூவை முகர்ந்தார். இன்னொன்றை முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, இந்தம்மாக்கு சொல்லு. இதுங்க மேல நம்ம அஞ்சாம் நம்பர் டிரம்ம அடிச்சிக்கீது. பூவுக்கு சொந்தமா வாசன இல்ல. பாவம், பூ மேல தப்பு இல்ல.”

நான் எம்.டி.யைப் பார்த்தேன். அவர் கண்கள் தமிழில் கெஞ்சின. பதினோரு பேரின் வேலை அந்த வரப்பில் நின்றுகொண்டிருந்தது. நான் வெள்ளைக்கார அம்மாளிடம் திரும்பி, முகம் மாறாமல் இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன்: “இந்த ரோஜாக்களைத் தன் குழந்தைகளைப்போல் நேசிப்பதாகச் சொல்கிறார்.”

“நோ மேடம்!” என்று ஒரு குரல் கேட்டது.

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. மூக்கம்மாதான்.

“நோ மேடம்! திஸ் பாய் டெல்லிங் லை. திஸ் ரோஸ் நோ ஸ்மெல். திஸ் ஸ்மெல் அவர் டிரம். நம்பர் ஃபைவ்!”

கண்டோன்மென்ட்டில் பிறந்தவர், அவர் அம்மா பங்களாக்களில் ஆயா வேலை பார்த்தவர், சமையலறை வாசலில் உட்கார்ந்தே இங்கிலீஷ் காதில் விழுந்து வளர்ந்தவர் என்பதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நாங்கள் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பது எந்தச் சீலத்திலும் தப்பில்லை.

வெள்ளைக்கார அம்மாள் நோட்டுப் புத்தகத்தை மூடினார். கோபப்படவில்லை. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது. “அந்த ஐந்தாம் நம்பரைக் காட்டுங்கள்” என்றார்.

ஷெட்டுக்குத் திரும்பினோம். மூக்கம்மா முன்னால் நடந்தார். கோயிலில் சன்னதி சன்னதியாகக் கூட்டிப்போவது மாதிரி டிரம் டிரம்மாகக் கூட்டிப்போனார். “திஸ் லை மேடம். திஸ் ஆல்சோ லை. திஸ் சேண்டல், ஹாஃப் லை.” கடைசியில் மூலையிலிருந்த வெட்டிவேர் கேனிடம் வந்து, மூடியைத் திறந்து, குரலே மாறிச் சொன்னார்: “திஸ் ட்ரூ மேடம். ஃபுல் ட்ரூ.”

எம்.டி. ஓர் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது. அவரும் அதோடு கீழே போனார். எழுந்திருக்க முயற்சி செய்யவில்லை.

வெள்ளைக்கார அம்மாள் வெட்டிவேர் எண்ணெயில் ஒரு சின்ன சாம்பிள் மட்டும் வாங்கிக்கொண்டு, ஆர்டர் எதுவும் தராமல் காரில் ஏறிப் போய்விட்டார். சீசா கழுவும் பெண்கள் மூன்று நாள் மூக்கம்மாவோடு பேசவில்லை. ஆர்டர் போனதற்காக அல்ல. பச்சைப் புடவைகளை எம்.டி. திருப்பி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை எம்.டி. என்னைக் கூப்பிட்டு, மூக்கம்மாவை வேலையைவிட்டு நீக்கும் கடிதத்தை எழுதச் சொன்னார். ‘ஒழுங்கீனம் காரணமாக’ என்று எழுதினேன்.

மூக்கம்மா படித்துப் பார்த்தார். “ஒழுங்காத்தான வந்தேன்? லீவு குடுத்தும் வந்தேன். இது பொய்.”

‘ஆட்குறைப்பு காரணமாக’ என்று மாற்றினேன்.

“நாளைக்கே என் எடத்துக்கு ஒரு ஆள எடுப்பீங்க. இதுவும் பொய்.”

‘உடல்நலக் காரணங்களால்.’

“யாருக்கு ஒடம்பு சரி இல்ல? சாருக்கா?”

எம்.டி. கத்தினார். “பின்ன என்னதான் எழுதறது?”

“நடந்தத எழுதுங்க சார். ‘உண்மைய சொன்னதால வேலைய விட்டு எடுக்கறோம்.’ எழுதி கையெழுத்து போடுங்க. இப்பவே வாங்கினு போய்ட்றேன்.”

எம்.டி. பேனாவைப் பிடுங்கி அவரே எழுதினார். உண்மையைச் சொன்ன காரணத்தால். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனா நின்றது. வேர்க்காரரின் கைக்கு நேர்ந்ததே அவர் கைக்கும் நேர்ந்தது. பிறகு கன்னடத்தில் ஏதோ முனகிக்கொண்டு கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்களுக்கெல்லாம் சிரிப்பு. ஆனால் மதியம் நான் பார்த்தபோது மூக்கம்மா டிபன் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“பயமாம்மா?”

“பயம் இல்லாம? இந்த வயசுல வேல போச்சுன்னா, வேற யாரு என் மூக்க நம்பி சோறு போடுவாங்க? மூக்கு மட்டுந்தான தம்பி எனக்குத் தெரிஞ்ச தொழிலு.”

அதுவரை அவருக்குப் பயம் என்பதே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் நான் சொன்ன பொய் அப்போதுதான் உறுத்தியது. “ஸாரிம்மா” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“குழந்தைங்க மாதிரி நேசிக்கறீங்கன்னு சொன்னதுக்கு.”

“அய்யே, அது பரவால்ல. ஆனா ஒண்ணு. பொய் சொல்றதுன்னாலும் கொஞ்சம் நல்லதா சொல்லி இருக்கலாம்” என்று டப்பாவைத் திறந்தார்.

ஒரு வாரம் கழித்து ஃபேக்ஸ் வந்தது. வெட்டிவேர் எண்ணெய் மட்டும் வேண்டும், கொஞ்சமாக. ஆனால் வேரைத் தோண்டியவர்கள் பெயர், ஊர், அவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்ற விவரம் எழுதி, அதில் ‘அந்த மூக்குள்ள பெண்மணி’ கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

“ஆறு பேர் பெயரை எழுதுப்பா” என்றார் எம்.டி. என்னிடம், உற்சாகமாக. நானும் என்னோடு எட்டாவது படித்த ஆறு பேரை எழுதினேன். மூக்கம்மா பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பட்டியலைக் கசக்கிப் போட்டுவிட்டு அவரோடு பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.

வேர்க்காரர் வழிகாட்ட, கிருஷ்ணகிரி தாண்டி ஒரு ஆற்றங்கரை மணல்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாலு பெண்களும் இரண்டு ஆண்களும் கடப்பாரையால் தோண்டி, வேரை உதறிக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மா போனதும் போகாததுமாக, “புடுங்கின எடத்துல திரும்ப நட்டீங்களா?” என்றார். நட்டிருந்தார்கள். பெயர் கேட்டபோதுதான் தகராறு. அவர்களில் மூத்த பெண் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பேரு எதுக்கு? போலீஸ் கேஸா? நாங்க இந்த வேருதான் தோண்டறோம், வேற ஒண்ணும் தோண்டல.”

“கேஸ் இல்லமா. சீசால போடறதுக்கு.”

“சீசால எங்க பேரு எதுக்கு? நாங்க இன்னா கம்பெனியா?”

மூக்கம்மா பையிலிருந்து சின்ன சீசாவை எடுத்து நீட்டினார். அத்தனை வருடம் வேர் தோண்டியும் அந்தப் பெண் எண்ணெயைப் பார்த்ததே இல்லையாம். மூடியைத் திறந்து முகர்ந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தோம்.

“இவ்ளோதானா?” என்றாள். “எங்க கையி தெனமும் இப்டித்தான் நாறுது.”

மூக்கம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு ஓய்ந்ததும் ஆறு பெயரும் தானாக வந்தன. கூடவே இன்னொன்றும் வந்தது. வேரைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாலும், எடை போடும்போது மண்ணுக்கென்று வேர்க்காரர் கழித்துக்கொள்கிறாராம். வேர்க்காரர் வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து மூக்கம்மா சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் எழுதினேன். ஊர், ஆறு பெயர், திரும்ப நட்டது, கடைசியாக: ‘கழுவிய வேருக்கும் மண்ணுக்காக எடை கழிக்கப்படுகிறது. இது சரியில்லை.’

எம்.டி. தலையில் கைவைத்தார். “உலகத்துல எந்தக் கம்பெனியாவது தன் தப்பைத் தானே ஃபேக்ஸ் பண்ணுமா?”

“அவங்கதான சார் கேட்டாங்க?” என்றார் மூக்கம்மா.

அனுப்பினோம். பதில் இரண்டே வரி. அந்தக் கழிவை நிறுத்துங்கள், ஆர்டர் உறுதி. வேர்க்காரர் நிறுத்தினார். அடுத்த மாதமே மூக்கம்மா மறுபடி மணல்காட்டுக்குப் போய், நிறுத்தியது உண்மைதானா என்று கேட்டுவிட்டும் வந்தார். ஆறு பெயர்களோடு வெட்டிவேர் சீசாக்கள் கப்பலேறின. மற்ற சீசாக்களில் ‘இயற்கை’யை எடுத்துவிட்டு ‘செயற்கை மணம்’ என்று போட்டோம். எம்.டி. அன்று சாப்பிடவில்லை. ஆனால் விற்பனை குறையவில்லை. ‘செயற்கை’ என்பது புதிதாக வந்த உசத்தியான ரகம் என்று பல பேர் நினைத்துக்கொண்டார்கள். அதற்கும் மூக்கம்மா கடை கடையாகப் போய் விளக்கம் சொல்லத் தயாராக இருந்தார். நாங்கள் காலில் விழாத குறையாகத் தடுத்தோம்.

அதன் பிறகு இரண்டு மூன்று வருடம் நன்றாகத்தான் போனது. பிறகு மூக்கம்மாவுக்கு ஒரு விஷக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் கழித்து வேலைக்கு வந்தவர், புத்தர் எதிரில் நின்றார், டின்னைத் திறந்தார், காகிதத்தை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். எழுந்து நேராக எம்.டி. அறைக்குப் போனார்.

“சார், என் மூக்கு போச்சு. ஒரு வாசனையும் தெரில. இனிமே நான் இன்னா சொன்னாலும் நம்பாதீங்க.”

யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் நல்லது என்றால் நல்லது, கெட்டது என்றால் கெட்டது, கேள்வி கேட்க ஆளே கிடையாது. ஐந்து நிமிடம்கூட மறைக்கவில்லை. எம்.டி. கன்னடத்துக்கும் இங்கிலீஷுக்கும் போகாமல், கெஞ்சவும் செய்யாமல், தமிழில் மெதுவாகச் சொன்னார். “அதுக்கென்னம்மா, கையெழுத்து மட்டும் போட்டுட்டு இரு.”

“மோந்து பாக்காம எப்டி சார் கையெழுத்து?” என்று மூக்கம்மா அன்றே சீசா கழுவும் பக்கம் போய்விட்டார். கடைசிவரை அங்கேதான் இருந்தார். எம்.டி. சம்பளத்தைக் குறைக்கவில்லை. அது எந்தச் சீலத்தில் வரும் என்று மூக்கம்மா ஆராய ஆரம்பித்தபோது, எம்.டி. காதைப் பொத்திக்கொண்டு ஓடியதாகக் கேள்வி.

எனக்கு நினைவில் நிற்பது அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அந்த நாள்தான். மூக்கு டாக்டர் அவர் கண்ணை மூடச் சொல்லி, ஒரு டப்பாவை மூக்கருகில் பிடித்தார். எனக்கே தெரிந்தது, காப்பித்தூள்.

“என்ன வாசனை?”

“தெரில டாக்டர்.”

“சும்மா ஒரு கெஸ் பண்ணுங்கம்மா.”

“தெரியாதத தெரிஞ்ச மாதிரி எப்டி சொல்றது?”

நரம்பு பாதித்திருக்கிறது, திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். நாங்கள் பஸ் ஏறினோம். அரை நாள் லீவுதான் போட்டிருந்தார், மதியம் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஜன்னலோரம் உட்கார்ந்து, பொம்மனஹள்ளி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தலை மெல்லச் சாய்ந்து என் தோளில் விழுந்தது. காய்ச்சல் வந்த உடம்பு, நல்ல தூக்கம். நாங்கள் இறங்க வேண்டிய சந்தாபுரா வந்தது. கண்டக்டர் இரண்டு தரம் கத்தினார். நான் அசையவில்லை. பஸ் கிளம்பியது.

அத்திபெலேயில் வண்டி நின்ற சத்தத்தில் கண் விழித்தார். வெளியே பார்த்தார்.

“இன்னாபா, எங்க வந்துட்டோம்? ஏன் எழுப்பல?”

“நானும் தூங்கிட்டேன்ம்மா” என்றேன்.

மூக்கம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “சரி, வா. டீ குடிச்சிட்டு போலாம்” என்றார்.

ஒரு பொய்யை அவர் தெரிந்தே சும்மா விட்டது, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தடவைதான்.